உள்ளூர்ச் சனம் சுற்றுலாத்தலம் இல்லை

பயணம் பற்றி எழுதுகிற எல்லாரிடமும் ஒரு வசனம் இருக்கும். "இடங்களைப் பார்த்ததை விட, உள்ளூர்ச் சனத்தோட பழகினதுதான் பெரிய அனுபவம்." யூரியூபில் பயணக் காணொளி போடுகிறவர் சொல்லுவார். முதுகுப்பையோடு ஆறு மாதம் ஆசியா சுற்றுகிற வெள்ளைக்காரர் சொல்லுவார். இப்போது எங்கட பொடியளும் பெட்டையளும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வசனத்துக்குள் ஒரு பிசகு ஒளிந்திருக்கிறது. கோயிலையும் கோபுரத்தையும் பார்த்து முடித்த கையோடு மனிதர்களையும் அதே பட்டியலில் போட்டுவிடுகிறோம். பண்டா பார்த்தாச்சு, மலை பார்த்தாச்சு, உள்ளூர் ஆக்களையும் பார்த்தாச்சு.

சீனாவின் செங்டு நகரத்தில் பன்னிரண்டு நாள் முதுகுப்பையோடு திரிந்தபோது என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்த விஷயம் இதுதான். எங்கே தங்குவது, எங்கே மலிவாகச் சாப்பிடுவது என்று சொல்லித்தர ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. நான் எழுத நினைப்பது வேற. ஒரு பெரிய சீன நகரத்துக்குப் போய் அங்குள்ள ஆக்களோடு கதைப்பதென்றால் என்ன? அதில் எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, எந்த இடத்தில் உரிமை முடிகிறது?

எங்களுக்குத் தெரிந்த சீனா

இலங்கையில் இருக்கிற ஒரு இளம் தமிழருக்குச் சீனா என்றால் என்ன ஞாபகம் வரும்? 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகம். கொழும்புத் துறைமுக நகரம். கடன். மலிவான போன். பேப்பரில் வருகிற சீனா ஒரு அரசாங்கம், ஒரு வங்கி, ஒரு கம்பனி. அதில் மனிசர் இல்லை. எனக்குப் போக ஆசை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பீஜிங், ஷங்ஹாய் என்று போகாமல் செங்டுவைத் தெரிந்தெடுத்தேன். தென்மேற்கில் இருக்கிற சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரம் அது. 2020 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 2 கோடியே 9 லட்சம் பேர். கிட்டத்தட்ட முழு இலங்கையையும் ஒரே மாநகர எல்லைக்குள் கொண்டுவந்து வைத்தது போல. இவ்வளவு பெரிய நகரத்தைப் பற்றிச் சீனர்களே சொல்லுவது, "அங்கை ஆக்கள் ஆறுதலா இருப்பினம்" என்றுதான். வேலைக்கு ஓடுகிற சீனாவுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிற ஊர் என்று அதற்கு ஒரு பெயர்.

போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "சும்மா விசா இல்லாமலே போனேன்" என்று ஐரோப்பியர்கள் போடுகிற காணொளியை நம்பி வெளிக்கிட வேண்டாம். 2024 டிசம்பரில் சீனா, இடைவழியில் இறங்கி 240 மணித்தியாலம் விசா இல்லாமல் தங்கும் வசதியை 54 நாட்டவர்களுக்குக் கொடுத்தது. எங்கள் கடவுச்சீட்டு அந்தப் பட்டியலில் இல்லை. எங்களுக்கு விசா வேணும். தங்குகிற இடத்தில் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸ் பதிவு நடக்கும், அதை விடுதிக்காரரே செய்துவிடுவார்கள். றெயில் ரிக்கற்றுக்குக் கடவுச்சீட்டு. மரக்கறிக்கடை தொடங்கி எல்லா இடத்திலும் போனில் கியூஆர் கோட் ஸ்கான் பண்ணித்தான் காசு. கூகிள், வட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் அங்கே வேலை செய்யாது.

இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. முதுகுப்பைப் பயணம் என்றால் கவலையில்லாத சுதந்திரம் என்று ஒரு படம் எங்கள் தலைக்குள் இருக்கிறது. அந்தச் சுதந்திரம் எல்லாக் கடவுச்சீட்டுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதை விமான நிலைய வரிசையிலேயே எங்களுக்கு ஞாபகப்படுத்திவிடுவார்கள். அதிகாரம் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற கண் எங்களுக்கு முன்னமே இருக்கிறது. அந்தக் கண்ணை நாங்கள் போகிற ஊரிலும் திறந்து வைத்திருக்க வேண்டும்.

பார்க்கிற இடங்கள்

செங்டுவில் எல்லாரும் போகிற இடங்களுக்கு நானும் போனேன். 1987இல் ஆறு பண்டாக்களோடு தொடங்கிய இனப்பெருக்க நிலையம் இன்றைக்கு நகரத்தின் அடையாளம். ஹுவா ஹுவா என்ற ஒரு பண்டாவைப் பார்க்க மட்டும் சனம் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறது. விடியக் காலமை போனால்தான் பண்டாக்கள் மூங்கில் தின்னுவதைப் பார்க்கலாம், வெயில் ஏறினால் அவை படுத்துவிடும்.

கவிஞர் து ஃபுவின் குடிசைக்கும் போனேன். 755இல் தொடங்கிய ஆன் லுஷான் கலகத்தில் ஊர் ஊராக அலைந்து, 759இல் குடும்பத்தோடு செங்டுவுக்கு வந்து சேர்ந்தவர் அவர். கிட்டத்தட்ட நான்கு வருடம் அங்கே இருந்து 200க்கும் மேற்பட்ட கவிதைகள் எழுதினார். சீனாவின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர், எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு இடம்பெயர்ந்த ஆள். இப்போது இருக்கிற குடிசை பிற்காலத்தில் கட்டியது. ஆனாலும் அந்த மூங்கில் தோட்டத்துக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று அவருடைய வரிகளை மனப்பாடமாகச் சொல்லுவதைக் கேட்டபோது, ஒரு அகதியின் வீட்டை 1,200 வருடத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருக்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு குவான்ஜாய் சந்துகள். அகலச் சந்து, ஒடுக்கச் சந்து என்று அர்த்தம். சிங் வம்சக் காலத்தில் மஞ்சுப் படையினர் குடும்பங்களோடு இருந்த பகுதி. அங்கே வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றை வேறு இடத்துக்கு மாற்றி, சந்துகளைப் புதுப்பித்து, 2008 ஜூனில் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். சாம்பல் செங்கல், சிவப்பு விளக்கு, இனிப்புக்கடை, வாடகைக்குப் பழைய காலத்து உடுப்பு.

முதுகுப்பைக்காரர் பலர் இந்த இடத்தில் மூக்கைச் சுளிப்பார்கள். "இது ஒறிஜினல் இல்லை, சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்தது" என்று சொல்லிவிட்டு "உண்மையான" செங்டுவைத் தேடி ஏதாவது பழைய மாடிக் குடியிருப்புக்குள் கமராவோடு நுழைவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குவான்ஜாயில் நெரிபட்டுக்கொண்டிருந்தவர்களில் வெளிநாட்டுக்காரர் நூற்றில் ஒருவர்கூட இருக்க மாட்டார். மற்ற எல்லாரும் வேறு மாகாணங்களிலிருந்து குடும்பத்தோடு லீவுக்கு வந்த சீனர்கள். அப்பாவின் தோளில் ஏறி இருந்து சீனியில் செய்த மிருக உருவத்தை நக்கிக்கொண்டிருந்த பிள்ளை போலியா? அம்மம்மாவைப் பட்டுச் சட்டை போடவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த பேத்தி போலியா? அவர்களும் அந்த நாட்டுச் சனம்தான். ஏழ்மையாக, பழசாக, அழுக்காக இருந்தால்தான் "உண்மை" என்று நினைப்பது எங்கட பிரச்சினை, அந்த ஊரின் பிரச்சினை இல்லை.

சந்தை விட்டுப் போன குடும்பங்கள் எங்கே என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதும், இன்னும் போகாமல் இருக்கிறவர்களின் வீட்டு வாசலில் போய் நின்று படம் எடுப்பதும் ஒன்றில்லை.

தேத்தண்ணிக்கடைப் பள்ளிக்கூடம்

எனக்குச் செங்டு பிடிபட்டது மக்கள் பூங்காவில். 1911இல் திறந்த பூங்கா. அதற்குள் ஹெமிங் என்ற தேநீர்க் கடை 1920களிலிருந்து இருக்கிறது. ஏரிக்கரையில் மூங்கில் கதிரைகள், தாழ்ந்த மேசைகள். 20, 30 யுவான் கொடுத்தால் (ஒரு யுவான் எங்கட காசுக்கு 40 ரூபாயைச் சுற்றி) மூடி, கோப்பை, தட்டு என்று மூன்று துண்டாக ஒரு தேநீர்க் கோப்பையும், ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தலும் தருவார்கள். மல்லிகைத் தேநீர். இலை தீரும்வரை தண்ணி ஊற்றி ஊற்றிக் குடிக்கலாம். ஒருவரும் எழும்பச் சொல்ல மாட்டார்கள். காலமை பத்துக்கு இருந்தால் பின்னேரம் ஐந்துக்கு எழும்பலாம். காது துப்புரவாக்குகிறவர்கள் கையிலிருக்கிற இரும்புக் கிடுக்கியை "டிங்" என்று தட்டிக்கொண்டு மேசை மேசையாக வருவார்கள். ஒரு பக்கம் சீட்டு, இன்னொரு பக்கம் சண்டை போல கேட்கிற சாதாரணக் கதை.

இப்படி இருந்து கதைப்பதற்குச் செங்டுப் பேச்சில் ஒரு தனிச் சொல்லே இருக்கிறது: "பாய் லொங்மென்ஜென்". எங்கட ஊரில் "அலட்டுறது" என்று சொல்லுவோமே, அதற்குக் கிட்ட வரும். பாடப் புத்தகச் சீனம் படித்தவர்களுக்கும் இந்தப் பேச்சு முழுக்க விளங்காது. அறிவிப்புப் பலகையில் ஒரு சீனம், மேசையில் வேறு சீனம். யாழ்ப்பாணத் தமிழுக்கும் ரீவித் தமிழுக்கும் இடையில் வளர்ந்த எனக்கு இது பழகின விஷயமாகவே இருந்தது. தெரியாத வயசான பெண்ணை அங்கே "நியாங்நியாங்" என்று கூப்பிடுவார்கள். அன்ரி மாதிரி. நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் பக்கத்து மேசையே சிரித்தது. பிறகு எனக்கு அங்கே ஒரு கதிரை கிடைத்தது.

என்னை அந்த மேசைக்குக் கூப்பிட்டவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. நாலு நாள் தொடர்ந்து அதே நேரத்துக்குப் போய் இருந்தேன், அதனால்தான் கூப்பிட்டார். முதல் நாள் தலையாட்டினார். இரண்டாம் நாள் சூரியகாந்தி விதை தந்தார். மூன்றாம் நாள்தான் போனை நீட்டி, மொழிபெயர்ப்புச் செயலியில் கேள்வி கேட்டார். எந்த நாடு? இந்தியாவா? எத்தனை வயசு? கலியாணம் முடிச்சாச்சா? சம்பளம் எவ்வளவு? வெள்ளைக்காரப் பயணிகள் இந்தக் கேள்விகளைக் கேட்டுத் திடுக்கிட்டதாக எழுதுவார்கள். எனக்கு ஒரு சொந்தக்கார வீட்டுக் கலியாணத்தில் இருப்பது போல இருந்தது.

சிறீலங்கா என்றதும் அவருக்கு உடனே வந்த சொல் "ஷீலான் ஹொங்ச்சா". சிலோன் தேயிலை. (நாங்கள் கறுப்புத் தேயிலை என்பதை அவர்கள் சிவப்புத் தேயிலை என்பார்கள்.) பிறகு கேட்டார்: "அதை ஆர் பறிக்கிறது? நீங்களா?" ஒரு சின்னக் கேள்வி. பதில் சொல்ல எனக்கு அரைமணித்தியாலம் பிடித்தது. நான் வடக்கு. தேயிலை பறிக்கிறவர்களும் தமிழர்தான், ஆனால் அவர்களைப் பிரித்தானியர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள், சுதந்திரம் கிடைத்தவுடனே அவர்களின் பிரசாவுரிமையைப் பறித்தார்கள், இன்றைக்கும் பலர் லயன் அறைகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நடந்தது எங்களில் கனபேருக்குச் சரியாகத் தெரியாது. போன் இதை எப்படி மொழிபெயர்த்ததோ, அவர் கவனமாக வாசித்தார். கடைசியில் தன் கோப்பையைப் பார்த்துவிட்டு, "இதை ஆர் பறிச்சதெண்டு எனக்கும் தெரியாது" என்றார்.

உள்ளூர் ஆக்களைச் சந்திப்பது என்று எதையாவது சொல்லலாம் என்றால் இதைச் சொல்லுவேன். நான் அவரை ஆராயப் போனேன், அவர் என்னை விசாரித்தார். கேள்வி இரண்டு பக்கமும் போக வேண்டும். நாங்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அது பேட்டி, பழக்கம் இல்லை.

அதே பூங்காவில் இன்னொரு மூலை இருக்கிறது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு வரன் தேடுகிற இடம். பிறந்த வருடம், உயரம், படிப்பு, வேலை, வீடு இருக்கா இல்லையா என்று தாளில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். சுற்றுலாக் காணொளிகளுக்கு இது பெரிய விருந்து. "சீனாவின் வினோதக் கலியாணச் சந்தை!" எங்கட பத்திரிகைகளின் மணமகள் தேவைப் பக்கத்தை விட இதில் என்ன வினோதம் என்று எனக்கு விளங்கவில்லை. விடுதியில் சந்தித்த ஒரு பொடியன் சொன்னான், அவனுடைய அம்மாவும் அவனைக் கேட்காமலே அங்கே தாள் தொங்கவிட்டாராம். அது ஒரு வெளிநாட்டுக்காரரின் காணொளியில் வந்து, வேலை செய்கிற இடத்தில் கூட்டாளிகள் காட்டிச் சிரித்தார்களாம். "அம்மாவோட எனக்குக் கோபமில்லை. அவவுக்குப் பயம். படம் எடுத்த ஆளுக்கு என்ன அவசரம்?" என்றான்.

அவனோடு கன நேரம் கதைத்தேன். காலமை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை, கிழமைக்கு ஆறு நாள் வேலை என்பதை அங்கே "996" என்பார்கள். இந்த ஓட்டம் வேண்டாம், படுத்துவிடுகிறேன் என்ற மனநிலைக்கு "தாங்பிங்" என்று பெயர். 2021இல் பரவின சொல். எங்களிடம் அதற்குச் சொல் இல்லை, ஏனென்றால் எங்கட பொடியள் படுப்பதில்லை, வெளிநாடு போகிறார்கள். இதைச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டு, "நாங்களும் யோசிக்கிறம்" என்றான்.

கோபுரமும் பலகையும்

மக்கள் பூங்காவுக்குள் 30 மீற்றருக்கு மேல் உயரமான ஒரு நினைவுக் கோபுரம் நிற்கிறது. 1913இல் கட்டியது. தேநீர் குடிக்க வருகிற பயணிகளில் பாதிப்பேர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும், குறிப்பாக இலங்கைக்காரர்.

கதை இது. சிச்சுவான் மக்கள் தங்கள் மாகாணத்துக்கு ஒரு றெயில் பாதை போடுவதற்காகப் பங்கு வாங்கியிருந்தார்கள். விருப்பப்பட்டு வாங்கினவர்கள் மட்டுமில்லை, நிலத்து வருமானத்தில் வரியாகப் பிடித்த காசும் அதில் இருந்தது. 1911 மே மாதத்தில் சிங் அரசு அந்தப் பாதையைத் தேசியமயமாக்கி, பிரித்தானிய, பிரெஞ்சு, ஜெர்மன், அமெரிக்க வங்கிகளிடம் கடன் வாங்கிக் கட்டப்போவதாக அறிவித்தது. செங்டுவில் கடைகள் பூட்டப்பட்டன, பள்ளிக்கூடங்கள் நின்றன. செப்டெம்பர் 7ஆம் திகதி தலைவர்களைக் கைதுசெய்தார்கள். விடச் சொல்லி வந்த கூட்டத்தின் மேல் சுட்டார்கள். 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கலகத்தை அடக்க ஹுபெய் மாகாணத்திலிருந்து படை அனுப்பப்பட்டது. அங்கே படை குறைந்திருந்த நேரத்தில்தான் அக்டோபர் 10இல் வூசாங் எழுச்சி வெடித்தது. சில மாதத்தில் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலான பேரரசர் ஆட்சியே முடிந்தது.

வெளிநாட்டுக் கடனில் கட்டப்போன ஒரு பாதைக்கு எதிராக எழும்பின சனத்தின் கோபுரம். அதன் அடியில் நின்றபோது எனக்கு அம்பாந்தோட்டை ஞாபகம் வராமல் இருக்குமா? இன்றைக்குக் கடன் கொடுக்கிற நாடு அன்றைக்குக் கடனுக்குப் பயந்த நாடு. பேப்பரில் வருகிற சீனாவுக்குள் இந்த வரலாறு இல்லை. போய்ப் பார்ப்பதற்கு ஏதாவது பெறுமதி இருக்கிறதென்றால், இப்படி ஒரு படம் உடைவதில்தான் இருக்கிறது.

ஆனால் அதே ஊரின் தேநீர்க் கடைகளில் இன்னொரு பழக்கமும் இருந்தது. செங்டுவின் தேநீர்க் கடைகளைப் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் வாங் டி இதைப் பதிவுசெய்திருக்கிறார். குடியரசுக் காலத்துக் கடைகளில் "நாட்டு விஷயம் பேச வேண்டாம்" என்று அறிவிப்புத் தொங்கும். தமிழ்நாட்டு டீக்கடைகளில் "இங்கு அரசியல் பேசாதீர்" என்று எழுதியிருப்பார்களே, அது போல. ஊர்ப் பிணக்குகளைத் தேத்தண்ணியோடு தீர்த்துவைத்ததும் அதே கடைகள்தான். எல்லாம் பேசுகிற இடம், ஒன்றைத் தவிர. இன்றைக்குப் பலகை தேவையில்லை. எது பேசக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும்.

2008 மே 12, பின்னேரம் 2.28. வென்சுவான் நிலநடுக்கம். 69,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கிட்டத்தட்ட 18,000 பேரைக் காணவில்லை. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நேரம். அரசாங்கம் பிறகு சொன்ன கணக்கின்படி மட்டும் 5,335 மாணவர்கள். பக்கத்துக் கட்டிடங்கள் நிற்கப் பள்ளிக்கூடங்கள் மட்டும் ஏன் விழுந்தன என்று பெற்றோர் கேட்டார்கள். அதை விசாரிக்கத் தொடங்கிய செங்டு எழுத்தாளர் டான் ஜுவோரெனுக்கு 2010இல் 5 வருடச் சிறை. தீர்ப்பில் காரணமாகக் காட்டியது 1989 பற்றி அவர் எழுதியவற்றை. அவருக்குச் சாட்சி சொல்ல 2009இல் செங்டு வந்த கலைஞர் ஐ வெய்வெய்யைத் தங்கியிருந்த அறைக்குள்ளேயே பொலிஸ் அடித்தது. இறந்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பட்டியலிட்டவர் அவர்.

செங்டுவிலிருந்து சுற்றுலாப் பயணிகள் றெயிலில் டுஜியாங்யான் போவார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கட்டி இன்றைக்கும் வேலை செய்கிற நீர்ப்பாசனத் திட்டம் அங்கே இருக்கிறது. அற்புதமான இடம், கட்டாயம் பாருங்கள். பள்ளிக்கூடங்கள் விழுந்ததும் அதே டுஜியாங்யானில்தான்.

நான் இதையெல்லாம் போவதற்கு முன்னமே வாசித்திருந்தேன். ஆசிரியை ஒருவரோடு ஒரே மேசையில் நாள்கணக்கில் இருந்தபோது, கேள்வி என் வாயில்தான் இருந்தது. கேட்கவில்லை. ஒரு நாள் அவரே, நான் எதுவும் கேட்காமல், போனில் சொன்னார்: "அண்டைக்கு நான் வகுப்பிலை நிண்டனான். பிள்ளையள் எல்லாரையும் மைதானத்துக்குக் கொண்டுவந்திட்டம். எங்கட பள்ளிக்கூடம் விழேல்லை." பிறகு போனைக் கவிட்டு வைத்துவிட்டு என் கோப்பைக்கு சுடுதண்ணி ஊற்றினார். அவ்வளவுதான்.

கேட்காமல் விடுவது பற்றி

இதை ஒரு நண்பருக்குச் சொன்னபோது அவர் கோபப்பட்டார். "அப்ப நீயும் அந்த மௌனத்துக்குத் துணைபோனாய். கேள்வி கேக்காட்டில் ஏன் போனனி? பண்டா பாக்கவா?" இது லேசாகத் தட்டிவிடக்கூடிய வாதம் இல்லை. அநியாயம் நடந்த ஊருக்குப் போய்ச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுவதும் ஒரு அரசியல்தான். விலை கொடுத்துப் பேசினவர்கள் அந்த ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களை இல்லாதது போல எழுதுவது துரோகம்.

ஆனால் கேள்வி கேட்பதற்கும் யாரிடம் கேட்பது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் பன்னிரண்டாம் நாள் விமானம் ஏறிவிடுவேன். அவர் அங்கேயே இருப்பார். மொழிபெயர்ப்புச் செயலியில் நான் கேட்பிக்கிற கேள்விக்கு அவர் சொல்லுகிற பதில் அவருடைய போனில், அவருடைய பெயரில் இருக்கும். என்னுடைய துணிச்சலுக்கு அவர் விலை கொடுக்கக் கூடாது. அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தேத்தண்ணி ஊற்றித் தந்த மனிசியிடம் கேட்பது துணிச்சலும் இல்லை.

இது எங்களுக்குத் தெரியாத விஷயமா? 2009க்குப் பிறகு வன்னிக்கு எத்தனை பேர் வந்தார்கள்! கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் பஸ் பஸ்ஸாக வந்து நின்று படம் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். நல்ல மனதோடு வந்த வெளிநாட்டுக்காரரும் இருந்தார்கள். கொட்டிலுக்குள் இருந்த அம்மாவிடம், "உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு வேற ஆக்கள் வந்து, "ஆர் வந்தது, என்ன கேட்டவை" என்று விசாரித்ததை எங்களில் எத்தனை பேரின் வீட்டில் அனுபவித்திருக்கிறோம். நாங்கள் யாரோ ஒருவரின் பயணத்தில் "உள்ளூர் ஆக்களாக" இருந்தவர்கள். அந்தக் கதிரையில் இருந்து பார்த்தவர்களுக்கு, மற்றப் பக்கத்துக் கதிரையில் எப்படி இருக்க வேண்டும் என்று வேற ஆக்கள் சொல்லித்தரத் தேவையில்லை.

அதனால் என் நிலைப்பாடு இதுதான். ஊரின் வலியைப் போவதற்கு முன் வாசித்துத் தெரிந்துகொள்ளுவது பயணியின் கடமை. அதை அந்த ஊர்ச் சனத்தின் வாயிலிருந்து பிடுங்குவது கடமை இல்லை. அவர்களாகச் சொன்னால் கேட்கலாம். அவர்கள் நிறுத்திய இடத்தில் நாங்களும் நிறுத்த வேண்டும். திரும்பி வந்து எழுதும்போது அரசாங்கத்தின் பெயரை எழுதலாம், பகிரங்கமாகப் பேசினவர்களின் பெயரை எழுதலாம். தேத்தண்ணிக்கடை மேசையில் இருந்தவரின் பெயர், முகம், அடையாளம் எதுவும் வேண்டாம். மேலே நான் எழுதியிருக்கிறவர்களின் சில விபரங்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. "சீனர் இப்பிடித்தான்" என்ற வசனத்தோடு திரும்பி வராதீர்கள். 2 கோடி பேர் இருக்கிற ஊரில் ஒரு பத்துப் பேரோடு கதைத்துவிட்டு ஒரு நாட்டுக்கே குணம் எழுத ஒருவருக்கும் உரிமை இல்லை. "தமிழர் இப்பிடித்தான்" என்று யாராவது ஒரு கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டு எழுதினால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

போக முடிந்தவர்கள் போங்கள். ஐந்து ஊருக்கு ஓடாமல் ஒரு ஊரில் நில்லுங்கள். பண்டாவும் பாருங்கள், சந்தும் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு ஒரு தேத்தண்ணிக்கடையைத் தெரிந்தெடுத்து, தினமும் ஒரே நேரத்துக்கு அங்கே போய் இருங்கள். கமராவைப் பைக்குள் வையுங்கள். உங்களிடம் கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள். அவர்கள் கேட்பதற்கு, எங்கள் நாட்டைப் பற்றியும் எங்களுக்குள் இருக்கிற பிரிவுகளைப் பற்றியும், உண்மையாகப் பதில் சொல்லத் தயாராகப் போங்கள். அது விசா எடுப்பதை விடக் கஷ்டமான ஆயத்தம்.